‘மூன்றாவது ரன் ஓவருக்குப் பிறகு நான் பழைய ஆளாக இல்லை’

மனநல மருத்துவரின் பதில்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு லோகோ பைலட், அதாவது ரயில் ஓட்டுநர், நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஓடும் வண்டியில் ஆள் அடிபடுவதைத்தான் அவர்கள் ‘ரன் ஓவர்’ என்கிறார்கள். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 38 வயது. அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்து, கூட்ஸ் ஓட்டி, இப்போது எக்ஸ்பிரஸ் வண்டிகளில் இருக்கிறார். மனைவி, ஏழு வயதுப் பையன், வீட்டுக் கடன். 14 மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில், வளைவு தாண்டியதும், கேரியரில் பால் கேன் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் தண்டவாளத்தைக் கடந்தார். இவர் ஹாரன் அடித்தார், எமர்ஜென்சி பிரேக் போட்டார். கடைசி நொடியில் அந்த மனிதர் திரும்பி இவர் முகத்தைப் பார்த்தாராம். வண்டி நின்ற பிறகு, முன்பக்கக் காற்றுக் குழாய் அடிபட்டிருந்ததால் இறங்கிப் பார்க்க வேண்டியிருந்தது. ஜல்லியெல்லாம் பால். ‘மாற்று ஆள் அனுப்பவா?’ என்று கண்ட்ரோலில் கேட்டதற்கு இவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேலும் இரண்டு மணி நேரம் வண்டியை ஓட்டிப் போய்ச் சேர்த்தார்.

முதல் சில நாட்கள் ஒன்றும் இல்லை. அப்புறம் கனவு வந்தது. வெளியூரில் ஓட்டுநர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் கத்திக்கொண்டு எழுவதால் பக்கத்துக் கட்டிலில் படுக்க யாரும் வருவதில்லை. காலையில் தெருவில் பால்காரர் கேனை இறக்கும் சத்தம் கேட்டால் வியர்த்துக் கொட்டுகிறது. அந்தக் கிலோமீட்டர் போஸ்ட் நெருங்கும்போதே கை மரத்துப் போகிறது, சில சமயம் இல்லாத ஆள் தண்டவாளத்தில் தெரிகிறார். அந்த செக்‌ஷன் வராமலிருக்க நண்பர்களிடம் டூட்டி மாற்றிக்கொள்கிறார். ஓய்வு நாளில் குவார்ட்டர். டூட்டிக்குக் கையெழுத்துப் போடும் சைன் ஆனில் மூச்சுப் பரிசோதனை உண்டு என்பதால் மணி கணக்குப் பார்த்துக் குடிக்கிறார். சக ஊழியர் ஒருவர் தந்த அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை ஐந்து மாதமாகத் தினமும். பையன் டிபன் பாக்ஸைக் கீழே போட்ட சத்தத்தில் அவனை ஓங்கி அறைந்துவிட்டார். ‘அன்றைக்கு அவரோடு நானும் போயிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் நானாக எதுவும் செய்துகொள்ள மாட்டேன்’ என்று கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பவை: இது பைத்தியத்தின் தொடக்கமா? இதற்கு முன் இரண்டு ரன் ஓவர் பார்த்தும் வராதது இப்போது ஏன் வந்தது? இரண்டு நொடி முன்னால் பிரேக் போட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? டாக்டரிடம் போனால் வேலை போய்விடுமா? ராமேஸ்வரத்தில் தில ஹோமம் செய்யச் சொல்கிறார் மனைவி, செய்யலாமா? இறந்தவர் வீட்டுக்குப் போய்க் காலில் விழ வேண்டும் போலிருக்கிறது, போகலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

ஓரத்தில் சின்னதாக எழுதிய வரியிலிருந்தே தொடங்குகிறேன். இந்த நோயில் அப்படிப்பட்ட எண்ணம் வருவது அபூர்வமல்ல, அதை எழுதியது நல்லது. ஆனால் அதை ஓரத்தில் விடக்கூடாது. இன்றைக்கே உங்கள் மனைவியிடம் அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். எண்ணம் வலுத்தாலோ, எப்படி என்று யோசிக்கத் தொடங்கினாலோ, டூட்டியைப் பார்க்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். ரன்னிங் ரூமில் தனியாக விழித்துக் கிடக்கும் நேரத்துக்கு அந்த எண் போனில் இருக்கட்டும்.

இரண்டாவது, உங்களுக்குப் பிடிக்காத ஒன்று. இப்போதைக்கு நீங்கள் வண்டி ஓட்டக்கூடாது. இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிகிறார், தினமும் அல்பிரசோலம், தூக்கம் மூன்று மணி நேரம். பின்னால் ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. காய்ச்சலோடு ஓட்டாதீர்கள் என்று எப்படிச் சொல்வேனோ அப்படித்தான் சொல்கிறேன். சிக் போடுங்கள், அதாவது உடல்நலமில்லை என்று மருத்துவ விடுப்பில் போங்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

பைத்தியமா என்றால்

இல்லை. இந்த நோய்க்குப் பெயர் பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு. கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது, நேரில் பேசும் மருத்துவர்தான் அதைச் செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது பாடப்புத்தகத்துக்கு மிக நெருக்கமாக இருக்கிறது. நடந்தது கனவாகவும் காட்சியாகவும் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் இடத்தையும் சத்தத்தையும் தவிர்ப்பது, எந்நேரமும் உடம்பு எச்சரிக்கையில் விறைத்திருப்பது, குற்ற உணர்ச்சியும் யாரோடும் ஒட்டாத மனமும். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வேலையையும் வீட்டையும் கெடுத்தால்தான் இந்தப் பெயரைச் சொல்வோம். முதல் மாதத்தில் இதெல்லாம் வருவது இயல்பு. பெரும்பாலோருக்கு அது தானாகவே அடங்கிவிடும்.

இல்லாத ஆள் தெரிகிறாரே, அது சித்தப்பிரமை இல்லையா என்று கேட்பீர்கள். ஒரே ஆள், ஒரே இடம், அதே சைக்கிள். உங்கள் மூளை புதிதாக எதையும் கற்பனை செய்யவில்லை, ஒரே காட்சியை மறுபடி மறுபடி போட்டுக் காட்டுகிறது.

உங்கள் துறைச் சொல்லிலேயே சொல்கிறேன். சிக்னலில் கோளாறு வந்தால் அது பச்சையில் நிற்காது, சிவப்பில்தான் நிற்கும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆபத்தை உணரும் மூளைப் பகுதியும் அந்த வகைதான். அன்றைக்குச் சிவப்பில் போனது, லைன் காலியான பிறகும் மாறவில்லை. ‘இது பழைய சம்பவம், முடிந்து போனது’ என்று நேரமும் தேதியும் போட்டு நினைவைப் பதியவைக்கும் பகுதி அந்தப் பதற்றத்தில் சரியாக வேலை செய்யவில்லை. அதனால்தான் பால் கேன் சத்தம் கேட்கும்போது உங்களுக்கு அது 14 மாதத்துக்கு முந்தைய நினைவாக வருவதில்லை. இப்போது நடப்பதாகவே உடம்பு எடுத்துக்கொள்கிறது.

இந்த நோயைப் பற்றி மருத்துவர்கள் முதன்முதலில் தீவிரமாகச் சண்டை போட்டதே ரயிலை வைத்துத்தான். 1860களில் இங்கிலாந்தில் ரயில் விபத்துகளில் தப்பித்தவர்களுக்கு உடம்பில் காயமே இல்லாமல் நடுக்கமும் தூக்கமின்மையும் வந்தன. எரிக்சன் என்ற லண்டன் அறுவை மருத்துவர் 1866இல் இதை விரிவாக எழுதினார். முதுகுத்தண்டு குலுங்கியதால் வருவது என்று நினைத்து ‘ரயில்வே ஸ்பைன்’ என்றே அழைத்தார்கள். நஷ்டஈட்டுக்காக நடிக்கிறார்கள் என்று ரயில் கம்பெனிகளுக்குச் சாதகமாகப் பேசிய டாக்டர்களும் இருந்தார்கள். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் 1865 ஜூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் பாலத்தில் தடம்புரண்ட ரயிலில் இருந்தார். அவர் பெட்டி தொங்கிக்கொண்டு நின்றது. இறங்கி, அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். அதற்குப் பிறகு ரயில் லேசாகக் குலுங்கினாலே இருக்கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார் என்று அவர் மகன் எழுதியிருக்கிறார். அதற்கெல்லாம் அப்போது ஒரு நோய்ப் பெயர் இல்லை. வியட்நாம் போர் வீரர்களின் அனுபவத்துக்குப் பிறகு, 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் ஏறியது.

‘முதல் ரன் ஓவர் அப்படித்தான் இருக்கும், அப்புறம் பழகிவிடும்’

சீனியர்கள் இப்படிச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பலருக்கு அப்படித்தான் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் இப்படியொரு பேரதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள், அவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான் இந்த நோய் வருகிறது. ஆனால் ‘முதலிரண்டு வராததால் மூன்றாவதும் வராது’ என்பது தப்புக் கணக்கு. அதிர்ச்சிகள் தடுப்பூசி போல வேலை செய்வதில்லை. முன்பு பட்டவை அடுத்ததற்கான ஆபத்தைக் கூட்டத்தான் செய்கின்றன.

போதாததற்கு, இந்த மூன்றாவதில் முன்பு இல்லாதவை நிறைய. அவர் உங்கள் முகத்தைப் பார்த்தார். நீங்கள் இறங்கிக் கிட்டத்தில் போய்ப் பார்த்தீர்கள். முன்பு இரண்டு தடவையும் வண்டியை விட்டு இறங்கவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு இரண்டு மணி நேரம் ஒன்றுமே நடக்காதது போல ஓட்டினீர்கள். கடிதத்தில் வேறோர் இடத்தில், சம்பந்தமில்லாதது போல, அப்பா போன வருடம் காலமானார் என்றும், சிறு வயதில் அவர் சைக்கிளில் பால் ஊற்றித்தான் உங்களைப் படிக்கவைத்தார் என்றும் இருக்கிறது. நண்பரே, அது சம்பந்தமில்லாத விஷயமில்லை. சிகிச்சையில் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அன்றைக்கு நீங்கள் தண்டவாளத்தில் யாரைப் பார்த்தீர்கள் என்பதை நான் இங்கிருந்து ஊகிக்கப் போவதில்லை. உங்களுக்கே தெரியும் என்று நினைக்கிறேன்.

சீனியர்களில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று: ரன் ஓவரைச் சந்தித்த இளம் பைலட்டைச் சுற்றி உட்கார்ந்து ‘என்னாச்சு, முழுசா சொல்லு’ என்று கிளறாதீர்கள். அன்றே எல்லாவற்றையும் கொட்டவைத்தால் நோய் வராது என்று ஒரு காலத்தில் நாங்களே நம்பினோம். அந்த ஒரே அமர்வு முறை நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. கூட ஒருவர் இருங்கள், டீ வாங்கிக் கொடுங்கள், வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுங்கள், அவனாகப் பேசினால் கேளுங்கள். ‘நானே ஓட்டுகிறேன்’ என்று அவன் சொன்னாலும் மாற்று ஆளைக் கேளுங்கள். குவார்ட்டர் மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அந்த இரண்டு நொடி

உங்கள் கடிதத்தில் மிக அதிகமாக வருவது இதுதான். முதலில் ஹாரன், பிறகு பிரேக். பிரேக்கை முதலில் போட்டிருந்தால்?

சரி, கணக்குப் போடுவோம். என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. மணிக்கு 110 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 30 மீட்டர். வளைவு தாண்டி 150 மீட்டரில் ஆள் தெரிந்தார் என்கிறீர்கள். ஆக மொத்தம் ஐந்து நொடி. அந்த வேகத்தில் ஓடும் வண்டி எமர்ஜென்சி பிரேக்கில் நிற்க, பெட்டி வகையையும் சரிவையும் பொறுத்து, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டும். குழாயில் காற்று இறங்கிக் கடைசிப் பெட்டி வரை பிரேக் பிடிக்கவே சில நொடிகள் ஆகும். அவரைக் கண்ட அதே கணத்தில் பிரேக் போட்டிருந்தாலும், அந்த இடத்தை வண்டி கடக்கும்போது வேகம் கிட்டத்தட்ட 100ஆக இருந்திருக்கும். மாறாக ஹாரன் அவர் காதில் விழுந்து ஓர் எட்டு பின்வாங்கியிருந்தால் பிழைத்திருப்பார். உங்கள் கை முதலில் ஹாரனுக்குப் போனது சரியான முடிவு. அவரைக் காப்பாற்ற ஏதாவது வாய்ப்பு இருந்தது என்றால் அது அதில்தான் இருந்தது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. அனுமதியில்லாத இடத்தில் தண்டவாளத்தைக் கடப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவுப்படி குற்றம். அந்த மனிதரைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. அவர் பாவம், தினமும் கடந்த வழியில்தான் அன்றும் கடந்திருப்பார். நீங்கள் கொலை செய்தவரில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இதைப் படித்ததும் மனது லேசாகிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்தக் கணக்கை நீங்களே நூறு தடவை போட்டுப் பார்த்திருப்பீர்கள். இந்த நோயில் குற்ற உணர்ச்சி ஒரு வேலை செய்கிறது: ‘என் தப்பு’ என்று நினைத்தால், அடுத்த முறை தப்பில்லாமல் இருந்து தடுத்துவிடலாம் என்றாவது நம்பலாம். எதுவுமே என் கையில் இல்லை என்பது அதைவிடப் பயங்கரம், அதனால் மனம் தப்பையே பிடித்துத் தொங்குகிறது. ஒவ்வொரு ரயில்வே கேட்டிலும் நீங்கள் தேவைக்கு மேல் ஹாரனை அழுத்துவது அதனால்தான்.

சிகிச்சையில் என்ன நடக்கும்

‘கவுன்சலிங்’ என்றால் யாராவது அறிவுரை சொல்வார்கள் என்று நினைத்திருக்கிறீர்கள். இதற்கான பேச்சு சிகிச்சை அப்படியல்ல. தசையை முறுக்கிப் பிடிக்கும் பிசியோதெரபி மாதிரி கடுமையான வேலை அது, அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

உலகமெங்கும் முதல் வரிசையில் பரிந்துரைக்கப்படுவது, அந்தச் சம்பவத்தையே நேராக எடுத்துக்கொள்ளும் சிகிச்சைகள். ஒரு வகையில், பாதுகாப்பான அறையில் கண்ணை மூடி, அன்றைக்கு நடந்ததை ‘இப்போது நடக்கிறது’ என்பது போல முதலிலிருந்து சொல்வீர்கள். அதைப் பதிவு செய்து தருவார்கள், வீட்டில் கேட்க வேண்டும். முதல் ஓரிரு வாரம் தூக்கம் இன்னும் கெடலாம். பலர் அங்கேதான் ஓடிவிடுகிறார்கள். நிலைத்து வருபவர்களுக்கு, நாலாவது ஐந்தாவது தடவை சொல்லும்போது அதே கதையில் முன்பு விட்டுப்போன விவரங்கள் திரும்பி வரும், உடம்பின் பதற்றம் இறங்கும். கூடவே, தவிர்த்து வந்தவற்றை லேசானதிலிருந்து படிப்படியாக நெருங்குவார்கள். உங்களுக்கு அது இப்படி இருக்கலாம்: முதலில் வீட்டிலேயே பால் கேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்காருவது, பிறகு பிளாட்பாரத்தில் நின்று வண்டி போவதைப் பார்ப்பது, அப்புறம் பயணியாக அந்த செக்‌ஷனைக் கடப்பது. இன்ஜினில் ஏறுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

இன்னொரு வகை, ‘என் தப்பு’ போன்ற எண்ணங்களை எழுதவைத்து, ஆதாரத்தோடு சேர்ந்து சோதிப்பது. குற்ற உணர்ச்சி இத்தனை கனமாக இருக்கும் உங்களுக்கு இது பொருந்தும் என்பது என் எண்ணம். இ.எம்.டி.ஆர். என்று மூன்றாவது ஒன்றும் உண்டு, கண்ணை இடமும் வலமும் அசைத்துக்கொண்டே நினைவைக் கையாள்வது. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் பலன் நிரூபிக்கப்பட்டது. எதுவானாலும் வாரம் ஒன்று வீதம் எட்டு முதல் பதினாறு அமர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே எது கிடைக்கிறதோ அதை முழுதாக முடிப்பதுதான் முக்கியம்.

நீங்கள் 14 மாதமாகச் செய்து வந்தது இதற்கு நேர் எதிர். டூட்டி மாற்றுவது, குடிப்பது, பால்காரர் வரும் நேரத்தில் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவது. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேர நிம்மதி கிடைக்கிறது. ஆனால் ‘தப்பித்தோம், இல்லாவிட்டால் ஏதோ ஆகியிருக்கும்’ என்று மூளை இன்னும் உறுதியாக நம்பிவிடுகிறது. தவிர்ப்பதுதான் இந்த நோய்க்குச் சோறு.

14 மாதம் ஆகிவிட்டதே, இனிச் சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆகும். இந்த நோய் வந்தவர்களில் 40 சதவீதம் வரை ஓராண்டுக்குள்ளேயே மீண்டுவிடுகிறார்கள். மீதிப் பேருக்கு வருடங்கள் கடந்து தொடங்கினாலும் சிகிச்சை வேலை செய்கிறது. போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்து வந்த முன்னாள் வீரர்களுக்கும் பலன் கிடைத்திருக்கிறது.

மதுரை, திருநெல்வேலி உட்பட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைப் பார்க்கலாம். பேச்சு சிகிச்சை தருபவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. ஒரு வாரச் சான்றிதழோடு போர்டு மாட்டியவர்கள் நிறைய.

மாத்திரையும் குவார்ட்டரும்

அல்பிரசோலம் இந்த நோய்க்கு மருந்தல்ல. பதற்றத்தைச் சில மணி நேரம் மூடிவைக்கும், நோயைக் குணமாக்காது, பழக்கமாகிவிடும், பேச்சு சிகிச்சையின் பலனையும் கெடுக்கலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும் ஆபத்து உண்டு. ஆனால், இதைக் கவனமாகப் படியுங்கள், இன்றைக்கே தூக்கி எறியாதீர்கள். ஐந்து மாதம் தினமும் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். தினமும் குடிப்பவராக இருந்தால் மதுவுக்கும் இதே எச்சரிக்கைதான். உங்களுக்கு ஓய்வு நாள் மட்டும் என்கிறீர்கள், அப்படியானால் நிறுத்திவிடலாம். குடித்தால் கண் மூடும், பின்னிரவில் கனவு இன்னும் கொடூரமாகத் திரும்பும்.

இதற்கென்று பலன் தெரிந்த மருந்துகள் செர்ட்ரலின், பராக்ஸிடின், வென்லாஃபாக்ஸின் போன்றவை. போதை தருபவை அல்ல. வேலை செய்யத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், முதல் வாரங்களில் வயிற்றுக் குமட்டல் இருக்கலாம். குணமான பிறகும் சில மாதங்கள், பெரும்பாலும் ஒரு வருடம் வரை தொடரச் சொல்வார்கள்.

வேலை போய்விடுமா?

உங்கள் பயம் பொய்யானதல்ல, ஆனால் அளவு மிஞ்சியது. மூன்று சாத்தியங்களைப் பார்ப்போம்.

சிக் போட்டுச் சிகிச்சை எடுத்து, குணமாகி, ரயில்வே மருத்துவர் தகுதிச் சான்று தந்து மறுபடி இன்ஜினில் ஏறுவது முதல் சாத்தியம். இந்த நோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள் பழைய வேலைக்குத் திரும்புவது சாதாரணமாக நடப்பதுதான். சில மாதம் ஆகலாம். அந்த மாதங்களில், ஓட்டிய தூரத்துக்குக் கிடைக்கும் கிலோமீட்டர் அலவன்ஸ் வராது, கடன் தவணை இடிக்கும். அதை மறைக்க விரும்பவில்லை. மனைவியோடு உட்கார்ந்து இந்தக் கணக்கையும் போடுங்கள்.

இரண்டாவது, இன்ஜின் பணிக்கு இனித் தகுதியில்லை என்று மருத்துவக் குழு சொல்வது. அப்போதும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. பணிக்காலத்தில் ஊனம் ஏற்படும் அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ கூடாது, அதே ஊதிய நிலையில் வேறு பணி தர வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4) சொல்கிறது. மனநோயும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டு. மருத்துவக் காரணத்தால் வகை மாற்றப்பட்டு அலுவலக வேலைக்குப் போன லோகோ பைலட்டுகளை சைன் ஆன் செய்யும் உங்கள் லாபியிலேயே பார்த்திருப்பீர்கள். ஊதிய நிர்ணய விவரத்தைத் தொழிற்சங்கத்தில் கேளுங்கள்.

மூன்றாவது சாத்தியம், இப்போது செய்வது: மறைத்துக்கொண்டு ஓட்டுவது. ஒரு நாள் சிவப்புச் சிக்னலைத் தாண்டினால், மூச்சுப் பரிசோதனையில் மாட்டினால், அப்போது உங்களிடம் நோயாளி என்ற பாதுகாப்பு இருக்காது, ஒழுங்கு நடவடிக்கைதான் இருக்கும். வேலை உண்மையிலேயே போகும் வழி இது ஒன்றுதான்.

ரகசியம் பற்றி: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23இன்படி உங்கள் சிகிச்சை விவரத்தை மருத்துவர் வெளியே சொல்லக்கூடாது. பிறருக்கு ஆபத்து, பொதுப் பாதுகாப்பு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. உங்கள் பணி அப்படிப்பட்டது என்பதால்தான், மருத்துவர் அந்த விதிவிலக்கை யோசிக்கும் நிலை வரும் முன் நீங்களாகவே இன்ஜினிலிருந்து இறங்கிவிடுவது நல்லது என்கிறேன்.

ராமேஸ்வரமும் அந்த வீடும்

தில ஹோமம் செய்யலாமா என்றால், உங்களுக்கும் மனைவிக்கும் நம்பிக்கை இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். அகாலமாகப் போன ஒருவருக்காக முறைப்படி ஒன்று செய்தோம் என்பது மனதுக்கு ஆறுதல்தான், நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். இரண்டு நிபந்தனை. ஒன்று, சிகிச்சைக்குப் பதிலாக அல்ல. இன்னொன்று, ‘அவர் ஆவி உங்களைப் பிடித்திருக்கிறது’ என்று ஆயிரக்கணக்கில் பரிகாரம் சொல்பவரிடம் மாட்டாதீர்கள். ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் இருப்பவருக்கு அந்தப் பேச்சு விஷம்.

அந்த வீட்டுக்குப் போவது வேறு விஷயம். இப்போது வேண்டாம். நீங்கள் மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள், அதாவது ‘என் தப்பு’ என்ற தீர்ப்போடு போகிறீர்கள். அவர்கள் ஏசினால் அந்தத் தீர்ப்பு உறுதியாகும். அழுதாலும் உறுதியாகும். அவர்கள் பக்கம் நின்றும் யோசியுங்கள்: ஆறத் தொடங்கியிருக்கும் ஒரு வீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து காலில் விழுந்தால், உங்களைத் தேற்றும் பாரமும் அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழும். விசாரணையோ நஷ்டஈட்டு வழக்கோ நிலுவையில் இருந்தால் சட்டச் சிக்கலும் சேரும். சொல்ல நினைப்பதை எல்லாம் ஒரு கடிதமாக எழுதுங்கள், தபாலில் சேர்க்காமல் சிகிச்சையாளரிடம் கொண்டு போங்கள். சிகிச்சை முடிந்த பிறகும் போகத் தோன்றினால், இடையில் ஒருவர் மூலம் அவர்களுக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டுப் போகலாம். அப்போது மன்னிப்புக் கேட்க அல்ல, துக்கம் விசாரிக்கப் போவீர்கள்.

வீட்டில் இந்த வாரம்

பையனிடம் பேசுங்கள். ‘அப்பா அடிச்சது தப்பு. உன் மேல கோபம் இல்லை. அப்பாவுக்குப் பெரிய சத்தம் கேட்டா பயம் வருது, அதுக்கு டாக்டரைப் பார்க்கப் போறேன்’ என்று சொன்னால் போதும். ரயில், பால்காரர் கதையெல்லாம் அவனுக்குத் தேவையில்லை. ஏழு வயதுப் பிள்ளை காரணம் தெரியாவிட்டால் தன்னால்தான் என்று முடிவு கட்டிக்கொள்ளும்.

கனவில் கத்தும்போது மனைவி உங்களைத் தொட்டு உலுக்க வேண்டாம், கை வீசிவிடுவீர்கள். விளக்கைப் போட்டு, கொஞ்சம் தள்ளி நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். ‘நம்ம வீடுதான், நான்தான்’ என்று சொல்லட்டும். பகலில் காட்சி திரும்பி வந்தால், இன்ஜினில் நீங்களும் அசிஸ்டென்ட்டும் சிக்னலை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வீர்களே, அதையே செய்யுங்கள்: ‘மணி பத்து, சமையலறை, மஞ்சள் சுவர், ஃபேன் ஓடுது’. கால் இரண்டையும் தரையில் அழுத்திக்கொள்ளுங்கள். இது சிகிச்சையல்ல, அந்த இரண்டு நிமிடத்தைக் கடக்க மட்டும்.

ரயில்வே மருத்துவரிடம் போகும்போது ‘தூக்கம் வரலை, தலைவலி’ என்று சுற்றி வளைக்காதீர்கள். சத்து மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். சம்பவத் தேதியையும், அதற்குப் பிறகு என்னவெல்லாம் மாறியது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, மனநல மருத்துவருக்குப் பரிந்துரை கேளுங்கள். இந்தக் கடிதத்தையே நகலெடுத்துக் கொடுத்தாலும் சரி. மனைவி கூட வரட்டும், தூக்கத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். அல்பிரசோலம் அட்டையையும் எடுத்துப் போங்கள். எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, கூட எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்பார்கள். குறைத்துச் சொல்லாதீர்கள், எவ்வளவு மெதுவாக நிறுத்துவது என்பதை அந்த எண்களை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.